டீ கேட்டால் ஐஸோடு வரும்: அமெரிக்கத் தெற்குக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஸ்வீட் டீ பாடம்

ஜார்ஜியாவிலோ சவுத் கரோலைனாவிலோ ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து “டீ” என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். பெரிய தம்ளரில், கழுத்துவரை ஐஸ் போட்டு, தேன் நிறத்தில் ஒன்று வரும். பால் கிடையாது, சூடு கிடையாது. இனிப்பு மட்டும் ஜாங்கிரிப் பாகுக்குப் பக்கத்து வீடு. நான் வந்த முதல் வாரம், தலைவலிக்கு ஒரு டீ குடிக்கலாம் என்று போய் இப்படித்தான் மாட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, வேறு யாருக்கோ போட்ட சர்பத் நம் மேசைக்கு வந்துவிட்டது என்று நினைத்துப் பரிமாறிய பெண்ணைக் கூப்பிட்டேன். அவர் தம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “டீதானே ஹனி கேட்டீங்க?” என்றார்.

இது நடந்து ஒன்பது வருடமாகிறது. இப்போது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில், தோசைமாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு காலன் குடுவை நிரந்தரமாக நிற்கிறது. வேலைக்கோ படிப்புக்கோ இந்தப் பக்கம் வந்து இறங்குகிற நம் ஆட்கள் இதை எப்படிக் கேட்பது, எப்படிப் போடுவது, எவ்வளவு குடிப்பது என்று தடுமாறுவதைப் பார்த்து அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

கேட்பது

சூடான டீ வேண்டுமென்றால் “ஹாட் டீ” என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கே அடைமொழி தேவைப்படுவது சூட்டுக்குத்தான், குளிர்ச்சிக்கு இல்லை. அப்படிக் கேட்டாலும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஒரு கோப்பை வெந்நீர், சாசரில் நூல் கட்டிய ஒரு பை, அவ்வளவுதான். பை தண்ணீரில் இறங்குவதற்குள் தண்ணீர் பாதி ஆறியிருக்கும். டபராவில் ஆற்றிக் குடித்துப் பழகியவர்கள் அதை வீட்டில் வைத்துக்கொள்வது மரியாதை.

நகரங்களில் பெரும்பாலும் அவர்களே கேட்டுவிடுவார்கள்: “ஸ்வீட்டா, அன்ஸ்வீட்டா?” அன்ஸ்வீட் என்ற சொல்லைக் கேட்டால், போட்ட சர்க்கரையை யாரோ உட்கார்ந்து திரும்பப் பொறுக்கி எடுத்ததுபோல இருக்கும். அது சர்க்கரையே போடாத டீதான். ஆனால் அந்தச் சொல்லிலேயே ஊரின் எண்ணம் தெரிந்துவிடுகிறது. இனிப்புதான் இயல்பு, இனிப்பில்லாதது விலக்கு.

முதல் தடவை குடிக்கிறவர்கள் பாதிக்குப் பாதி கேளுங்கள். “ஹாஃப் ஸ்வீட், ஹாஃப் அன்ஸ்வீட்” என்று முழுதாகச் சொல்லுங்கள். “ஹாஃப் அண்ட் ஹாஃப்” என்று சுருக்கினால் ஆபத்து. இந்த நாட்டில் காப்பிக்கு ஊற்றுகிற பாலும் கிரீமும் கலந்த கலவைக்கும் அதுதான் பெயர். எலுமிச்சை ஜூஸும் டீயும் பாதிப் பாதி வேண்டுமென்றால் “ஆர்னால்ட் பாமர்” என்று கேட்க வேண்டும். 2016-இல் காலமான கோல்ஃப் வீரரின் பெயர் அது. அவர் பென்சில்வேனியாக்காரர், தெற்கத்தியர் அல்ல. ஆனாலும் தெற்கில் அவர் பெயர் தெரியாத பரிமாறுநர் இல்லை.

அடுத்தது ரீஃபில். தம்ளர் பாதி இறங்கியதும் குடுவையோடு வந்து, கேட்காமலே நிரப்பிவிட்டுப் போவார்கள். உட்கார்ந்து சாப்பிடுகிற கடைகளில் பொதுவாக இதற்குத் தனிக் காசு இல்லை. நீங்கள் பாதிக்குப் பாதி வாங்கியிருந்தால், அவர் கையில் இருப்பது எந்தக் குடுவை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது சுற்றில் கணக்கு கெட்டுவிடும். போதும் என்றால் உள்ளங்கையைத் தம்ளர் மேல் வையுங்கள். பந்தியில் ரசத்துக்கு இலைமேல் கை மறிக்கிற அதே சைகை. இங்கேயும் செல்லுபடியாகிறது.

எழுந்து போகும்போது சில இடங்களில் “வழிக்கு ஒரு டீ?” என்று காகிதக் கோப்பையில் ஊற்றிக் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். ஜூலை மாதம் வெயிலில் நின்ற காருக்குள் ஏறும்போது அதன் அருமை தெரியும்.

எல்லை எங்கே

ஸ்வீட் டீ தானாகவே வருகிற நிலம் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு கரோலைனாக்கள், ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, டென்னசி அதன் நடு வீடு. வர்ஜீனியாவில் தெற்கே போகப் போக இனிக்கும். வடக்குப் பக்கம், வாஷிங்டனை ஒட்டிய ஊர்களில், ஐஸ் டீ கேட்டால் சர்க்கரை போடாமல் கொடுத்து, பக்கத்தில் சர்க்கரைப் பொட்டலத்தை வைப்பார்கள். டெக்சாஸில் இரண்டும் ஓடும், கேட்டு வாங்க வேண்டும். ஃபுளோரிடாவில் வடக்கே போனால்தான் தெற்கு வரும் என்று ஒரு கேலி உண்டு. டீ விஷயத்தில் அது அப்படியே உண்மை. 2008-இல் மெக்டொனால்ட்ஸ் நாடு முழுக்க ஸ்வீட் டீ விற்க ஆரம்பித்த பிறகு பெயர் எங்கும் பரவியிருக்கிறது. பெயர் பரவியது, அவ்வளவுதான்.

குளிர்ந்த டீயைக் கையில் கொடுத்து, பக்கத்தில் சர்க்கரைப் பொட்டலத்தை வைப்பதைத் தெற்கத்தியர்கள் ஒரு சிறிய அவமானமாகவே எடுத்துக்கொள்வார்கள். காரணம் இருக்கிறது. 2003-இல் ஜார்ஜியா சட்டமன்றத்தில் ஜான் நோயல் என்ற உறுப்பினர் ஒரு மசோதா கொண்டுவந்தார். ஐஸ் டீ விற்கிற எந்த உணவகமும் ஸ்வீட் டீயும் விற்றே ஆக வேண்டும், மீறினால் குற்றம். ஏப்ரல் முட்டாள்கள் தினத்தை ஒட்டிய வேடிக்கை மசோதா அது, நிறைவேறவில்லை. ஆனால் அதில் ஸ்வீட் டீ என்றால் என்ன என்பதற்கு ஒரு வரையறை இருந்தது: டீ போடும்போதே சர்க்கரை சேர்த்து இனிப்பாக்கிய ஐஸ் டீ. வேடிக்கைக்கு எழுதினாலும் விவரம் தெரிந்து எழுதியிருக்கிறார்கள். சர்க்கரை சூட்டில் விழ வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் அதை வையுங்கள்.

போடுவது

ஒரு காலன் கணக்கு சொல்கிறேன், ஏனென்றால் இங்கே யாரும் இதைத் தம்ளர் கணக்கில் போடுவதில்லை. ஒரு காலன் என்பது 3.8 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

முதலில் தேயிலை. கடையில் “ஃபேமிலி சைஸ்” என்று எழுதிய பெரிய பைகள் கிடைக்கும். ஒரு பை ஒரு குவார்ட்டுக்கு, அதாவது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீருக்கு. காலனுக்கு நான்கு. சாதாரணச் சின்னப் பைதான் இருக்கிறது என்றால் பதினாறு. லூசியானாவின் லூசியான், அலபாமாவின் ரெட் டயமண்ட், எல்லா இடத்திலும் கிடைக்கிற லிப்டன் என்று வீட்டுக்கு வீடு கட்சி இருக்கும். எங்கள் எதிர்வீட்டு அம்மாளுக்கு லூசியானைத் தவிர வேறு பெட்டியைக் காட்டினாலே முகம் சுருங்கும். எனக்கு நாக்கில் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை என்பதை அவரிடம் இதுவரை சொல்லவில்லை.

நாம் செய்கிற முதல் தவறு, ஊரிலிருந்து கொண்டுவந்த டீத்தூளைப் போடுவது. பாலுக்கென்று செய்த தூள் அது. மிஷினில் நசுக்கி, உருட்டி, பாலையும் தாண்டி நிறமும் கடுப்பும் வரவேண்டும் என்று தயாரித்தது. பால் இல்லாமல் ஆறவைத்தால் நாக்கைப் பிடிக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் செம்மண் தண்ணீர்போலக் கலங்கும். தேயிலையின் துவர்ப்புச் சத்துகளும் கஃபீனும் சூட்டில் தனித்தனியாகக் கரைந்திருக்கும். குளிர்ந்ததும் ஒன்றோடொன்று சேர்ந்து கண்ணுக்குத் தெரிகிற கலங்கலாகிவிடும். தேயிலைக்காரர்கள் இதைக் கிரீம் ஆகிறது என்பார்கள். குடிக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் தெற்கில் கலங்கிய டீயை விருந்தாளிக்குக் கொடுப்பது, நாம் திரிந்த பாலில் காப்பி போட்டுக் கொடுப்பதுபோல.

இங்கே ஒரு நல்ல செய்தி. குளிர்ந்தாலும் கலங்காத தேயிலை என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கியவற்றில் ஒன்று நம் நீலகிரித் தேயிலை. நசுக்கிய தூள் அல்ல, முழு இலை. ஐஸ் டீக் கலவைகளுக்கு அதைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. குன்னூர்ப் பக்கத்திலிருந்து யாராவது இலைத் தேயிலை கொண்டுவந்தால் அதைப் பாலில் கொதிக்கவிட்டுக் கொல்லாதீர்கள். ஒரு காலனுக்கு 25 முதல் 28 கிராம் போதும். மற்றபடி இங்கே சூப்பர் மார்க்கெட் பெட்டிகளில் இருப்பதில் பெரும்பங்கு அர்ஜென்டினாவில் விளைந்தது. அமெரிக்காவுக்கு அதிகமாகத் தேயிலை அனுப்புகிற நாடு அதுதான் என்பதை நானும் இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

இனி அடுப்பு. நான்கு கப் தண்ணீரை, ஏறத்தாழ ஒரு லிட்டர், தளதளவென்று கொதிக்கவிடுங்கள். அடுப்பை அணையுங்கள். அணைத்த பிறகுதான் பை உள்ளே போக வேண்டும். நமக்கு இது கை வராது. இலையைப் போட்டுக் கொதிக்கவிட்டால்தான் டீ இறங்கும் என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே கொதிக்கவிட்டால் துவர்ப்புதான் இறங்கும். மூடி வைத்து ஏழெட்டு நிமிடம், கடுப்பாகப் பிடிக்கிறவர்கள் பத்து. அதற்கு மேல் வேண்டாம்.

பையைத் தூக்கும்போது பிழியாதீர்கள். கடைசிச் சொட்டையும் விடக்கூடாது என்று நம் கை தானாகப் பிழியும். பிழிந்தால் கசப்பு வரும். சொட்டவிட்டு எறியுங்கள்.

இப்போது உங்கள் முன்னால் இருப்பது, நம் பாஷையில் டிகாஷன். இந்தச் சூட்டிலேயே ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவைப் போடுகிறவர்கள் உண்டு. தேக்கரண்டியில் எட்டில் ஒரு பங்கு. துவர்ப்பை மழுக்கி நிறத்தைக் கொஞ்சம் கூட்டும். நல்ல இலையாக இருந்தால் தேவையில்லை. பைத் தேயிலைக்கு உதவும். கை தவறி விழுந்தால் சோப்புத் தண்ணீர் வாடை வந்துவிடும், மீட்க முடியாது.

அடுத்து சர்க்கரை. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

ஐஸ் டீயில் பிறகு சர்க்கரை போட்டால் கரையாது, சூட்டில் அளவுக்கு மீறிக் கரைத்துவிடுவதுதான் ஸ்வீட் டீயின் ரகசியம் என்று பலர் சொல்லக் கேட்பீர்கள். பாதிதான் சரி. அறை வெப்பத்தில் இருக்கிற 100 கிராம் தண்ணீரிலேயே 200 கிராம் சர்க்கரை கரையும். காலன் கணக்கில் பார்த்தால் ஏழு கிலோவுக்கு மேல். நாம் போடப்போவது கால் கிலோ. கரைய இடம் இல்லாமல் போவதில்லை. ஐஸ் தண்ணீரில் கரைய அது எடுத்துக்கொள்கிற நேரம்தான் சிக்கல். நீங்கள் கரண்டியால் கலக்கிக் கை ஓய்ந்து குடிக்க ஆரம்பிப்பீர்கள், மேலே கசக்கும், அடியில் மணலாக நிற்கும். சூட்டில் போட்டால் ஒரு நிமிடத்தில் காணாமல் போய், முதல் வாயும் கடைசி வாயும் ஒரே இனிப்பாக இருக்கும்.

அளவு: காலனுக்கு ஒரு கப், அதாவது 200 கிராம், என்பது அடக்கமான வீடு. ஒன்றரைக் கப் நடுத்தரம். இரண்டு கப் போடுகிற பாட்டிமார்கள் இருக்கிறார்கள், அவர்களோடு வாதாட வேண்டாம். நான் ஒன்றேகால் போடுகிறேன். வெள்ளைச் சர்க்கரைதான். நாட்டுச் சர்க்கரையும் பனங்கற்கண்டும் போட்டுப் பார்த்துவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது பானகத்தின் தம்பி, ஸ்வீட் டீ இல்லை.

சர்க்கரை கரைந்ததும் பன்னிரண்டு கப் பச்சைத்தண்ணீரை ஊற்றுங்கள். சூடான டிகாஷனை நேரடியாகக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஒரு தடவை சமையலறைத் தரை முழுக்க டீயும் கண்ணாடியுமாக ஆக்கியிருக்கிறேன். எவர்சில்வர் பாத்திரத்திலேயே கலந்து, ஆறிய பிறகு குடுவைக்கு மாற்றுங்கள். முழுவதும் ஆறும்வரை மேசையில் இருக்கட்டும், பிறகு ஃபிரிட்ஜ். சூடாகத் தூக்கி உள்ளே வைத்தால்தான் அதிகம் கலங்குகிறது. கலங்கியே விட்டால், கொதிக்கிற தண்ணீர் அரைக் கப் ஊற்றிக் கலக்கிப் பாருங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும்.

வெயிலில் வைத்துப் போடுகிற “சன் டீ” பற்றியும் யாராவது ஆசை காட்டுவார்கள். கண்ணாடிக் குடுவையில் தண்ணீரும் பையும் போட்டு, முற்றத்தில் நாலு மணி நேரம். பார்க்க அழகு. ஆனால் வெயில் தண்ணீரை வெதுவெதுப்பாக்குமே தவிர, கிருமி சாகிற சூட்டுக்குக் கொண்டுபோகாது. மாவு புளிக்க நாம் தேடுகிற அதே வெதுவெதுப்பு. நான் செய்வதில்லை, சுகாதாரத் துறைகளும் வேண்டாம் என்றுதான் சொல்கின்றன. எந்த டீயானாலும் நூல்போல இழை ஓடினாலோ வழவழப்பு தெரிந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் மூன்றாம் நாள் தாண்ட விடுவதில்லை.

ஊரில் இருந்தபடியே செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு லிட்டர் கணக்கு: 250 மில்லி கொதிநீர், 7 கிராம் இலைத் தேயிலை, 65 கிராம் சர்க்கரை, பிறகு 750 மில்லி குளிர்ந்த குடிநீர்.

ஐஸும் மற்றதும்

தம்ளரை முதலில் ஐஸால் நிரப்பி, பிறகு டீ. இரண்டு கட்டியை மிதக்கவிடுவது வடக்கத்திய வழக்கம். கடித்தால் நொறுங்குகிற சின்ன உருண்டை ஐஸுக்கு இங்கே தனி ரசிகர் கூட்டமே உண்டு. சோனிக் என்ற துரித உணவுக் கடைகளில் அந்த ஐஸை மட்டும் பையாக வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கலாம்.

ஐஸ் என்றதும் நம் கடற்கரைச் சாலை ஐஸ் ஹவுஸ் ஞாபகத்துக்கு வராவிட்டால் எப்படி? பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் பனிக்காலத்தில் உறைந்த ஐஸை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி விற்றவர் ஃபிரெடரிக் டியூடர். 1817-இல் சவுத் கரோலைனாவின் சார்ல்ஸ்டனுக்கும், அடுத்து சவானாவுக்கும், நியூ ஆர்லியன்ஸுக்கும் அவர் ஐஸ் போனது. அதே வியாபாரம் 1833-இல் கல்கத்தாவைத் தொட்டு, 1840-களில் சென்னையில் ஒரு கிடங்கு கட்டியது. பின்னாளில் விவேகானந்தர் தங்கி, விவேகானந்தர் இல்லம் ஆன கட்டடம் அது. தெற்கில் டீயைக் குளிரவைக்க முடிந்ததே இந்த ஐஸ் வந்ததால்தான். அன்றைக்கு ஐஸும் சர்க்கரையும் தேயிலையும் மூன்றும் காசுள்ள வீட்டுப் பொருள்கள். அந்த வீடுகளில் குடுவையைச் சுமந்து வந்தவை பெரும்பாலும் கறுப்பினத்தவர்களின் கைகள்.

1879-இல் வெளியான ஒரு வர்ஜீனியா சமையல் நூலில் ஐஸ் டீக்குக் குறிப்பு இருக்கிறது. அதில் பச்சைத் தேயிலை. காலையில் ஊறவைத்து, மதியம் வடித்து, மாலையில் குடிக்க வேண்டும். கோப்பையில் ஐஸும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையும் போட்டு, மேலே டீயை ஊற்றச் சொல்கிறது. சூட்டில் சர்க்கரை போடுகிற வழக்கம் அப்போது இன்னும் வரவில்லை பாருங்கள். கறுப்புத் தேயிலை எப்படி நுழைந்தது என்பதற்கு 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியைச் சொல்வார்கள். இந்தியத் தேயிலையை அமெரிக்கர்களிடம் பரப்ப வந்த ரிச்சர்ட் பிளெச்சிண்டன், புழுக்கத்தில் யாரும் சூடான டீயைத் தொடாததால் ஐஸில் குளிரவைத்துக் கொடுத்து ஐஸ் டீயையே கண்டுபிடித்தார் என்பது கதை. அதற்கு இருபத்தைந்து வருடம் முன்பே சமையல் நூலில் குறிப்பு இருக்கும்போது கண்டுபிடித்தார் என்பது எடுபடாது. ஆனால் இந்தியக் கறுப்புத் தேயிலையைக் குளிரவைத்துக் குடிக்கலாம் என்று கூட்டத்துக்குக் காட்டிய பெருமை அவருக்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான், சீனாவிலிருந்து பச்சைத் தேயிலை வருவது நின்றபோது, இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த கறுப்புத் தேயிலைதான் மிச்சம். நாக்கு அதற்கே பழகிவிட்டது.

எலுமிச்சை ஒரு துண்டு தம்ளர் விளிம்பில் வரும். பிழிந்ததும் டீயின் நிறம் கண்ணெதிரே வெளுக்கும். குழந்தைகளுக்குக் காட்ட நல்ல வேடிக்கை. புதினாவும் போடலாம். ஜார்ஜியாவில் கோடையில் பீச் பழச்சாறு சேரும். பாலை மட்டும் நினைக்காதீர்கள்.

இதோடு சாப்பிட வறுத்த கோழி, பார்பிக்யூ, பிஸ்கட். இந்த பிஸ்கட் நம் மேரி பிஸ்கட் அல்ல, பன்போல இருப்பது. சைவர்களுக்கு ஒரு வார்த்தை: டீ சுத்த சைவம், பக்கத்துக் கீரை அப்படியில்லை. காலர்ட் கீரையையும் பீன்ஸையும் பன்றி எலும்போடு வேகவைப்பது இங்கத்திய வழக்கம். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். காரத்துக்கு இந்த டீ நன்றாகவே ஈடுகொடுக்கும். மிளகாய்ப் பஜ்ஜியோடு வைத்துப் பார்த்தேன், அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காலன் நாலு பேருக்குப் போதவில்லை.

எவ்வளவு

என் ஒன்றேகால் கப் கணக்கில், ஐஸ் போக 350 மில்லி டீயில் ஏறத்தாழ 23 கிராம் சர்க்கரை இருக்கும். அமெரிக்க இதய சங்கம் ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரைக்கு வைக்கிற வரம்பு பெண்களுக்கு 25 கிராம், ஆண்களுக்கு 36. ஒரு தம்ளரிலேயே பெண்களின் கோட்டா கிட்டத்தட்ட முடிந்தது. கடையில் ரீஃபிலோடு உட்கார்ந்தால் கணக்கே வேண்டாம். நம் குடும்பங்களில் சர்க்கரை நோய் எப்படி வரிசையில் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். வீட்டில் சர்க்கரை இல்லாத குடுவை ஒன்று, இனிப்புக் குடுவை ஒன்று என்று இரண்டு வைத்து, கால் பங்கு இனிப்பைக் கலந்து குடிப்பது நான் கண்ட வழி. இதை அன்றாடக் குடிநீராக்கிக்கொண்டு ஆறு மாதத்தில் பெல்ட்டில் புது ஓட்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கஃபீனும் இருக்கிறது, கப்புக்கு 40, 50 மில்லிகிராம். இரவு எட்டு மணிக்கு மூன்றாவது ரீஃபில் வாங்கிவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று புலம்பக் கூடாது.

ஊர் பார்க்க விரும்பினால்

சார்ல்ஸ்டன் பக்கம் போகிறவர்கள் வாட்மலா தீவில் இருக்கிற தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்குங்கள். 1888-இல் டாக்டர் சார்ல்ஸ் ஷெப்பர்ட் என்பவர் சம்மர்வில் ஊரில் பைன்ஹர்ஸ்ட் என்ற தோட்டம் போட்டார். 1904 கண்காட்சியில் அவருடைய ஊலாங் தேயிலை பரிசு வாங்கியது. 1915-இல் அவர் இறந்ததும் தோட்டம் காடாகிப் போனது. 1963-இல் லிப்டன் நிறுவனம் அந்தச் செடிகளை எடுத்துவந்து வாட்மலாவில் நட்டது. இன்றைக்குத் தேயிலை வியாபாரம் செய்கிற பிகெலோ குடும்பத்தின் கையில் இருக்கிறது. குன்னூரையும் வால்பாறையையும் பார்த்தவர்கள் ஏமாறுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மலை கிடையாது, மூடுபனி கிடையாது. கடல்மட்டத்தில், தட்டையான வயலில், வரிசையாக வெட்டிவிட்ட வேலிபோலத் தேயிலை; கொழுந்து எடுப்பது மிஷின். சம்மர்வில்காரர்கள் தங்கள் ஊர்தான் ஸ்வீட் டீ பிறந்த இடம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். 1995-இல் சவுத் கரோலைனா, தன் மண்ணில் விளைந்த தேயிலையை மாநிலத்தின் விருந்தோம்பல் பானமாக அறிவித்தது.

விருந்துக்கு எடுத்துப்போவது

பக்கத்து வீட்டிலோ சர்ச்சிலோ ஆளுக்கு ஒரு பண்டம் கொண்டுவரும் விருந்துக்குக் கூப்பிட்டால், முதல் தடவை டீ கொண்டுபோகாதீர்கள். அது அவர்கள் வீட்டு மூத்த பெண்மணியின் துறை. பொங்கல் வீட்டுக்குப் பொங்கல் எடுத்துக்கொண்டு போவதுபோல ஆகிவிடும். முறுக்கோ எலுமிச்சைச் சாதமோ கொண்டுபோங்கள். இரண்டாம் மூன்றாம் தடவை “டீ நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா?” என்று அவர்களாகக் கேட்பார்கள். அதுதான் அழைப்பு. எனக்கு அது வர நாலு வருடம் ஆனது.

கூட்டம் பெரிது, நேரம் இல்லை என்றால் போஜாங்கிள்ஸ், சிக்-ஃபில்-ஏ, மெக்அலிஸ்டர்ஸ் போன்ற கடைகளில் காலன் கணக்கில் விற்கிறார்கள். வாங்கிப்போவதில் வெட்கம் இல்லை. அதை உங்கள் குடுவையில் மாற்றி ஊற்றி வீட்டில் போட்டதாகச் சொல்வதில்தான் சிக்கல். கண்டுபிடித்துவிடுவார்கள். ஐஸைத் தனியாக எடுத்துப்போங்கள், குடுவைக்குள் போடாதீர்கள், இரண்டாவது பந்திக்கு வெறும் நிறத்தண்ணீர்தான் மிஞ்சும். மிச்சமாகும் டீயை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் அடுத்த வாரத் தம்ளருக்கு நீர்க்காத ஐஸ் கிடைக்கும். இனிப்புக் குடுவைக்கும் இனிப்பில்லாததற்கும் சீட்டு ஒட்டுங்கள். சர்க்கரை நோய்க்கார மாமாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

குடுவையின் அடியில் பேப்பர் டேப் ஒட்டி உங்கள் பெயரை எழுதுங்கள். எவர்சில்வர் தூக்கில் பெயர் வெட்டி வாங்கிய பரம்பரைக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனால் நான் எழுதாமல் விட்டு, என் குடுவை வேறொரு வீட்டு ஃபிரிட்ஜில் ஏழு மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தது. நிறைய டீயோடுதான் வந்தது, இரண்டு கப் சர்க்கரைக் கணக்கில்.